சிக்னல் முழுசாக இருக்கிறது, பேச்சுதான் வரவில்லை: டிஜிட்டல் ஸ்கேனர் குறிப்புகள்

திரையில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிரம்பியிருக்கும். சேனல் பெயரும் வந்து போகும். ஸ்பீக்கரில் மட்டும் உடைந்த ரோபோ குரல், இல்லாவிட்டால் வெறும் மௌனம். அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு ரேடியோவைக் கேட்பதற்காக டிஜிட்டல் ஸ்கேனர் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உடனே பெரிய ஆன்டெனா வாங்குவார்கள். பல சமயம் நிலைமை இன்னும் மோசமாகும்.

அனலாக் காலத்தில் ஃப்ரீக்வென்சி தெரிந்தால் போதும், கேட்டுவிடலாம். டிஜிட்டலில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். எந்த சிஸ்டம், அது எந்த வகை, எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது, என்க்ரிப்ஷன் (சாவி இல்லாதவர் கேட்க முடியாதபடி போடும் குறியீட்டுப் பூட்டு) போட்டிருக்கிறார்களா என்ற நான்கும் தெரிந்த பிறகுதான் எந்தக் கருவி என்ற கேள்விக்கே அர்த்தம் வரும். பெரும்பாலோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரேடியோ ரெஃபரன்ஸ் என்ற இணையதளத்தின் தரவுத்தளத்தில் உங்கள் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) பக்கத்தைத் திறந்து, முதலில் சிஸ்டம் வகை என்ற வரியைப் பாருங்கள். ப்ராஜெக்ட் 25, சுருக்கமாக பி25, என்பதுதான் வட அமெரிக்கப் பொதுப் பாதுகாப்புத் துறைகளின் டிஜிட்டல் தரம். அதில் ஃபேஸ் 1 என்றால் ஒரு 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனலில் ஓர் உரையாடல். ஃபேஸ் 2 என்றால் அதே சேனலை இரண்டு நேரத் துண்டுகளாக வெட்டி இரண்டு உரையாடல்களை ஓட்டுவார்கள். ஃபேஸ் 2 தெரியாத பழைய ஸ்கேனரில் அந்தப் பேச்சு வரவே வராது. இதில் ஒரு ஏமாற்று உண்டு: ஃபேஸ் 2 சிஸ்டத்திலும், யாருக்கு எந்தச் சேனல் என்று ஒதுக்கும் கண்ட்ரோல் சேனல் பொதுவாக ஃபேஸ் 1 முறையில்தான் ஓடும். அதனால் பழைய கருவி சிஸ்டத்தைக் கண்டுபிடித்து, எண்களையெல்லாம் காட்டும். பேச்சு மட்டும் இருக்காது.

ஸ்கேனர் தயாரிக்கும் நிறுவனங்களில், யூனிடெனில் பிசிடி325பி2, பிசிடி996பி2, பிசிடி436ஹெச்பி, பிசிடி536ஹெச்பி, எஸ்டிஎஸ்100, எஸ்டிஎஸ்200 ஆகியவையும், விஸ்லரில் டிஆர்எக்ஸ்-1, டிஆர்எக்ஸ்-2 ஆகியவையும் ஃபேஸ் 2 அறிந்தவை. சில ஊர்களில் பி25-க்குப் பதில் டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன் என்ற வேறு டிஜிட்டல் முறைகளில் ஒன்று இருக்கும். மேலே சொன்ன யூனிடென் மாடல்களில் அவற்றைக் கேட்கத் தனியாகக் காசு கட்டித் திறக்க வேண்டும். கருவியின் விலையைப் பார்க்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து டாக்குரூப் (ஒரு குழுவினர் பேசிக்கொள்ள ஒதுக்கிய எண்) பட்டியலில் மோட் என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே ஓரிரு ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். அதில் 'இ' என்ற எழுத்து பெரியதாக இருந்தால் எப்போதும் என்க்ரிப்ஷன், சிறியதாக இருந்தால் சில சமயம் மட்டும். நூற்றுக்கணக்கான டாலர் செலவு செய்வதா வேண்டாமா என்பதை இந்த ஒற்றை எழுத்து தீர்மானித்துவிடும். நீங்கள் கேட்க நினைப்பது போலீஸ் டிஸ்பேட்ச் (வண்டிகளைச் சம்பவ இடத்துக்கு அனுப்பும் பேச்சு) மட்டும், அதன் வரிசை முழுக்கப் பெரிய 'இ' என்றால், எந்த ஸ்கேனரும் வாங்காதீர்கள். ஏஇஎஸ்-256 என்ற குறியீட்டுப் பூட்டைத் திறக்கும் ஸ்கேனர் சந்தையில் கிடையாது. "அப்டேட் வந்தால் கேட்கும்" என்று விற்பவர் சொன்னால் கடையை மாற்றுங்கள். என்க்ரிப்ஷனை உடைத்துக் கேட்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றமும்கூட. சிகாகோ போலீஸ் 2022-இல் முழுமையாக என்க்ரிப்ஷனுக்குப் போனது. நியூயார்க் நகரப் போலீஸ் 2023-இல் பகுதி பகுதியாகத் தொடங்கியது. போக்கு அந்தத் திசையில்தான் இருக்கிறது. ஆனாலும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் டிஸ்பேட்ச், சாலைப் பணி, பனி அகற்றும் வண்டிகள், பள்ளிப் பேருந்துகள் பல கவுன்டிகளில் இன்னும் திறந்தே இருக்கின்றன. என் கணக்கில் கேட்பதற்கு அதிகச் சுவையுள்ளது தீயணைப்புத் துறைதான். ஒரு சம்பவம் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே டாக்குரூப்பில் வரிசையாக விரியும்.

சட்டம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து திறந்த ஒலிபரப்பைக் கேட்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. வண்டியில் வைத்தால் கதை வேறு. நியூயார்க், ஃபுளோரிடா, இந்தியானா, கென்டக்கி, மினசோட்டா போன்ற மாநிலங்களில் அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவருக்குச் சிலவற்றில் விலக்கு இருக்கிறது. பல மாநிலங்களில் கேட்டதை வைத்துக் குற்றம் செய்வதோ, குற்றவாளிக்கு உதவுவதோ தனிக் குற்றம். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராஃபி சட்டப்படி உங்களுக்கென்று அனுப்பப்படாததைக் கேட்பதே தவறு. அங்கே அவசரச் சேவைகள் பயன்படுத்தும் டெட்ரா என்ற டிஜிட்டல் ரேடியோவும் என்க்ரிப்ஷனில்தான் ஓடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அமெரிக்க நிலவரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ட்ரோல் சேனல் என்ன சொல்கிறது

டிரங்கிங் என்றால் சில ஃப்ரீக்வென்சிகளை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறை; பி25 டிரங்கிங் சிஸ்டத்தில் யாருக்கும் நிரந்தரமாக ஒரு ஃப்ரீக்வென்சி கிடையாது. ஒரு கோபுரத்தில் பத்து ஃப்ரீக்வென்சி இருந்தால், அவற்றில் ஒன்று கண்ட்ரோல் சேனலாக இடைவிடாமல் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் தரவை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு காவலர் பட்டனை அழுத்தியதும், அந்த டாக்குரூப்புக்கு இந்தச் சேனல் என்று கண்ட்ரோல் சேனல் ஒதுக்கும். ஸ்கேனர் அதைப் படித்துவிட்டு அந்தச் சேனலுக்குத் தாவும். பேச்சு முடிந்ததும் திரும்பி வரும். அடுத்த பேச்சுக்கு வேறு ஃப்ரீக்வென்சி கிடைக்கலாம்.

பி25-இல் ஒதுக்கீட்டுச் செய்தியில் ஃப்ரீக்வென்சி நேரடியாக இருக்காது, சேனல் எண்தான் இருக்கும். அந்த எண்ணை ஃப்ரீக்வென்சியாக மாற்றும் பட்டியலையும் கண்ட்ரோல் சேனலே அவ்வப்போது அனுப்பும். அதனால் இப்போதைய ஸ்கேனர்களில் பி25 கோபுரத்துக்குக் கண்ட்ரோல் சேனல்களை மட்டும் போட்டாலே போதும். முதன்மைக் கண்ட்ரோல் சேனலோடு மாற்று சேனல்களையும் சேர்த்துப் போடுங்கள். பராமரிப்புக்காகச் சேனலை மாற்றிவிட்டால் உங்கள் ஸ்கேனர் திடீரென்று ஊமையாகும் தொல்லை இருக்காது. டிஎம்ஆர், என்எக்ஸ்டிஎன், ஈடேக்ஸ் என்ற பழைய டிரங்கிங் முறை போன்றவற்றில் இந்தச் சுகம் இல்லை. அங்கே ஒவ்வொரு ஃப்ரீக்வென்சிக்கும் சரியான லாஜிக்கல் சேனல் எண் (சிஸ்டம் அந்த ஃப்ரீக்வென்சிக்கு வைத்திருக்கும் வரிசை எண்) வேண்டும். வரிசை ஒன்று தப்பினாலும் ஸ்கேனர் தவறான சேனலுக்குத் தாவி, ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்வதுபோல் கேட்கும்.

அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு மாநிலம் முழுக்கப் பரவிய சிஸ்டத்தில் நூற்றுக்கணக்கான டாக்குரூப்கள் இருக்கும். எல்லாக் கோபுரமும் எல்லா டாக்குரூப்பையும் ஒலிபரப்பாது. ஒரு கோபுரத்தில் பதிவுசெய்துள்ள ரேடியோக்களில் ஒன்றாவது அந்த டாக்குரூப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால்தான் பேச்சு அந்தக் கோபுரத்துக்கு வரும். பக்கத்துக் கவுன்டி கோபுரம் உங்கள் வீட்டில் பளிச்சென்று கிடைக்கலாம். அதில் உங்கள் ஊர்த் தீயணைப்பு கேட்காது, அவர்களது வண்டி அந்தப் பக்கம் போய் அங்கே பதிவாகும்வரை. "நேற்று ராத்திரி கேட்டது, இன்றைக்கு இல்லை" என்ற புகாரில் பாதி இதனால்தான். சிக்னல் வலுவான கோபுரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; கேட்க நினைக்கும் துறையின் ரேடியோக்கள் எந்தக் கோபுரத்தில் பதிவாகின்றனவோ அதைப் பிடியுங்கள்.

சிமல்காஸ்ட் என்ற தலைவலி

முழு சிக்னலும் உடைந்த குரலும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் சிமல்காஸ்ட் மேல்தான் விழ வேண்டும். ஃப்ரீக்வென்சிகளைச் சிக்கனப்படுத்துவதற்காக ஒரு கவுன்டியின் பல கோபுரங்கள் ஒரே ஃப்ரீக்வென்சியில், ஒரே நேரத்தில், ஒரே தரவை அனுப்பும். ஜிபிஎஸ் கடிகாரத்தால் எல்லாம் ஒருங்கிணைந்திருக்கும். தரவுத்தளத்தில் கோபுரத்தின் பெயரிலேயே சிமல்காஸ்ட் என்று போட்டிருக்கும்.

கோபுரங்கள் ஒரே நொடியில் அனுப்பினாலும் உங்களிடம் ஒரே நொடியில் வந்து சேராது. ரேடியோ அலை 3 கிலோமீட்டரைக் கடக்க 10 மைக்ரோவிநாடி எடுக்கும். ஒரு கோபுரம் 5 கிலோமீட்டரிலும் இன்னொன்று 23 கிலோமீட்டரிலும் இருந்தால், ஒரே தரவு 60 மைக்ரோவிநாடி வித்தியாசத்தில் இரண்டு முறை வந்து விழுகிறது. ஃபேஸ் 1-இல் விநாடிக்கு 4800 குறியீடுகள், அதாவது ஒரு குறியீட்டுக்கு 208 மைக்ரோவிநாடி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இரண்டு குறியீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. இரண்டு கோபுரமும் கிட்டத்தட்டச் சம வலுவில் கிடைக்கும் இடத்தில்தான் இது கொல்லும். ஒன்று மற்றதைவிட நன்றாகவே வலுவாக இருந்தால் பிரச்சினை அடங்கிவிடும். பெரிய ஆன்டெனா ஏன் கெடுதல் செய்கிறது என்பதும் இதிலிருந்து புரியும்: அது தூரத்துக் கோபுரங்களையும் அள்ளிக்கொண்டு வருகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிமல்காஸ்டில் பெரும்பாலும் எல்எஸ்எம் என்ற பண்பேற்றம் ஓடும். அதில் தகவல் சிக்னலின் கட்டத்தில் (அலை தன் சுழற்சியில் நிற்கும் நிலையில்) இருக்கிறது, கூடவே வீச்சும் மாறும். வழக்கமான ஸ்கேனர்கள் எஃப்எம் டிஸ்கிரிமினேட்டர் என்ற சுற்று வழியாக ஃப்ரீக்வென்சி மாற்றத்தை மட்டும் பார்க்கும். மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். பிசிடி436ஹெச்பி போன்ற நல்ல கருவிகூட சிமல்காஸ்டில் திணறுவது இதனால்தான். 2018-இல் வந்த எஸ்டிஎஸ்100, பிறகு வந்த எஸ்டிஎஸ்200 ஆகியவை கட்டம், வீச்சு இரண்டையும் பதியும் ஐ-க்யூ முறையில் முழு சிக்னலையும் எடுத்துச் செயலாக்குகின்றன. உங்கள் கவுன்டி சிமல்காஸ்ட் என்றால் இவற்றில் ஒன்று, இல்லையென்றால் கணினியில் ஓடும் மென்பொருள் ரேடியோ (கீழே சொல்லும் டோங்கிள் வழி). வேறு வழியில் காசை மிச்சப்படுத்த நினைப்பது வீண்.

ஏற்கெனவே பழைய ஸ்கேனர் கையில் இருந்தால் சில உபாயங்கள் உண்டு. கருவியை ஜன்னலிலிருந்து எடுத்து, நீங்கள் பிடிக்க நினைக்கும் கோபுரம் இருக்கும் திசையிலுள்ள அறையில், கீழே, மேஜை மட்டத்தில் வையுங்கள். 850 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 35 சென்டிமீட்டர். ஒரு சாண் நகர்த்தினாலே நிலைமை தலைகீழாகும். டிஜிட்டல் பிழை எண்ணைத் திரையில் காட்டும் வசதி இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே மெல்ல நகர்த்துங்கள். சிக்னல் கோட்டைப் பார்க்காதீர்கள், பிழை எண்ணைப் பாருங்கள். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போட்டுப் பாருங்கள். ஆன்டெனாவைக் குட்டையாக்கிப் பாருங்கள். எதுவும் பலிக்காவிட்டால் ஒரே திசையில் பிடிக்கும் 800 மெகாஹெர்ட்ஸ் யாகி ஆன்டெனா ஒன்றை ஒரே கோபுரத்தை நோக்கி, கம்பிகள் செங்குத்தாக நிற்கும்படி பொருத்துங்கள். எல்லாவற்றிலும் நெருங்கிய கோபுரத்தைவிட, பின்னால் வேறு கோபுரம் இல்லாத திசையிலுள்ளது நல்லது.

எஸ்டிஎஸ் வாங்கினாலும் வேலை முடிந்ததென்று சொல்ல முடியாது. 150 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அனலாக் சேனல்களில் அருகிலுள்ள வலுவான ஒலிபரப்புகளால் அது தடுமாறுவதாகப் புகார் அதிகம். அதற்கு ஃபில்டர் அமைப்பில் நார்மல், இன்வர்ட், வைட் நார்மல், வைட் இன்வர்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றி, இரைச்சல் எதில் குறைகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாச் சேனலுக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனியாகப் போடலாம்.

டோங்கிள் வழி

ஆர்டிஎல்2832யு சிப் கொண்ட யுஎஸ்பி டோங்கிளும் (கணினியில் செருகும் சிறிய ரேடியோ ரிசீவர்) ஒரு கணினியும் இருந்தால் எஸ்டிஆர்டிரங்க், ஓபி25 போன்ற மென்பொருள்களில் பி25 இரண்டு ஃபேஸையும் கேட்கலாம். சிமல்காஸ்டிலும் இவை நன்றாகவே நிற்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதுதான் முதல் வழி என்பேன். கருவி வாங்கும் முன்பே உங்கள் வீட்டில் என்ன கிடைக்கிறது என்று தெரிந்துவிடும்.

வழுக்கும் இடம் இரண்டு. முதலாவது படிகப் பிழை. மலிவான டோங்கிளில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை சாதாரணம். 850 மெகாஹெர்ட்ஸில் அது 42.5 கிலோஹெர்ட்ஸ், மூன்று சேனல் தள்ளிப்போய் நிற்பீர்கள். டிசிஎக்ஸ்ஓ (வெப்பநிலை மாற்றத்தைச் சரிசெய்யும் படிகம்) உள்ள டோங்கிளில் 1 பிபிஎம் அளவில் இருக்கும், அதாவது 850 ஹெர்ட்ஸ். கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள். போட்டவுடன் அளக்காதீர்கள், பத்து நிமிடம் சூடாகட்டும். அதன் பிறகு திருத்தத்தை வையுங்கள்.

இரண்டாவது அகலம். ஒரு டோங்கிள் நம்பகமாகப் பார்ப்பது 2.4 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு கோபுரத்தின் சேனல்கள் 851-லிருந்து 860 வரை சிதறியிருக்கலாம், சிலது 769-775 மெகாஹெர்ட்ஸிலும் இருக்கலாம். எஸ்டிஆர்டிரங்கில் கண்ட்ரோல் சேனல் கிடைத்து, ஒதுக்கீடுகள் வரிசையாக ஓடி, பேச்சு மட்டும் சில சமயம் வரவில்லை என்றால், அந்தச் சேனல் உங்கள் டோங்கிளின் ஜன்னலுக்கு வெளியே விழுகிறது என்று அர்த்தம். ஃப்ரீக்வென்சிகளை ஒரு தாளில் எழுதி, 2.4 மெகாஹெர்ட்ஸ் கட்டங்களாகப் பிரித்து, எத்தனை டோங்கிள் வேண்டும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அகலம் அதிகமுள்ள ஏர்ஸ்பை போன்ற ரிசீவர் ஒன்று. கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சத்தில் வைப்பதும் வழக்கமான தவறு. நடுவிலிருந்து தொடங்கி, பிழை குறையும்வரை ஏற்றிக் குறைத்துப் பாருங்கள். எஸ்டிஆர்டிரங்கில் டிஜிட்டல் தரவைக் குரலாக மாற்றும் கோடெக் நூலகம் கூடவே வராது. அதைத் தனியாக உங்கள் கணினியிலேயே உருவாக்கி இணைக்க வேண்டும். மென்பொருள் அதற்கு வழிகாட்டும். அந்தப் படியைத் தாண்டிவிட்டு "சத்தமே இல்லை" என்பவர்கள் ஏராளம்.

ஆன்டெனா, கேபிள்

கால் அலைநீளக் கம்பிக்கு 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் கிடைக்கும். அதில் 5 சதவீதம் கழித்து வெட்டுங்கள். 155 மெகாஹெர்ட்ஸுக்கு 46 சென்டிமீட்டர், 460-க்கு 15.5, 850-க்கு 8.4. செங்குத்தாக நிற்க வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய ஆன்டெனாக்களும் அப்படித்தான்.

கேபிளில்தான் சிக்னல் ஓசையில்லாமல் கரைகிறது. 15 மீட்டர் ஆர்ஜி-58-ல் 850 மெகாஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 8 டெசிபல் போய்விடும். ஆறில் ஒரு பங்குதான் கருவிக்கு வந்து சேரும். அதே நீளத்துக்கு டிவி கேபிளான ஆர்ஜி-6-இல் 3 டெசிபல், எல்எம்ஆர்-400-இல் 2. ஆர்ஜி-6 என்பது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்த இழப்பு கால் டெசிபல்கூட இல்லை. மலிவு, எங்கும் கிடைக்கும், தாராளமாகப் போடுங்கள். கூரைமேல் வைத்தால் கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மின்னல் அரெஸ்டரும் எர்த்தும் கட்டாயம்.

பூஸ்டர் வாங்குவதை ஒத்திப்போடுங்கள். பக்கத்தில் எஃப்எம் நிலையமோ, பேஜர் டவரோ, செல்போன் டவரோ இருந்தால் பூஸ்டர் அதையும் சேர்த்து ஏற்றி ஸ்கேனரின் முன்பகுதியை மூழ்கடிக்கும். அறிகுறி: ஆன்டெனாவைக் கழற்றி ஒரு சிறு கம்பியைச் செருகினால் பேச்சு முன்பைவிடத் தெளிவாக வருவது. அப்போது வேண்டியது 88-108 மெகாஹெர்ட்ஸை வெட்டும் ஃபில்டர் போன்ற ஒன்று.

புரோகிராமிங்

யூனிடெனின் ஹெச்பி, எஸ்டிஎஸ் மாடல்களில் ஜிப் கோடு கொடுத்தாலே தரவுத்தளத்திலிருந்து எல்லாம் நிரம்பிவிடும். முதல் நாள் விளையாட அது சரி. அதோடு நிறுத்தினால் குப்பை சேனல்களில் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். யூனிடெனின் சென்டினல் மென்பொருளில் சொந்தமாக ஒரு ஃபேவரிட்ஸ் பட்டியல் போடுங்கள். ஒரு சிஸ்டம், அதில் ஒன்றிரண்டு கோபுரம், பதினைந்து இருபது டாக்குரூப். என்க்ரிப்ஷன் உள்ளவற்றை அவாய்ட் செய்து (ஸ்கேனர் தாண்டிப் போகும்படி குறித்து) விடுங்கள். ஒரு பேச்சு முடிந்ததும் காத்திருக்கும் டிலேயை 2 விநாடி வையுங்கள். பூஜ்யமாக இருந்தால் கேள்வி கேட்கும், பதில் கேட்காது. ஐடி ஸ்கேன் முறையில் பட்டியலில் உள்ளவை மட்டும் வரும். ஐடி சர்ச் முறையில் புதியவையும் வரும். சிஸ்டம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாதபோது ஐடி சர்ச்சுக்கு மாற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். அதில் பேச்சு வந்து, ஸ்கேனில் வரவில்லை என்றால் உங்கள் டாக்குரூப் எண்தான் தப்பு.

தீயணைப்புத் துறையை டிஜிட்டல் சிஸ்டத்தில் மட்டும் தேடாதீர்கள். பல ஊர்களில் தன்னார்வத் தீயணைப்பு வீரர்களை அழைக்கும் பேஜிங் இன்னும் 150 மெகாஹெர்ட்ஸ் அனலாக்கில்தான் வருகிறது: ஒரு டோன் ஒரு விநாடி, அடுத்த டோன் மூன்று விநாடி, பிறகு முகவரி. அந்த இரண்டு டோனையும் டோன்-அவுட் வசதியில் பதிந்தால், அந்த நிலையத்துக்கு அழைப்பு வரும்போது மட்டும் ஸ்கேனர் வாய் திறக்கும். பேஜிங்குக்குப் பிறகு நடப்பது டிஜிட்டலுக்குப் போகும், அதனால் இரண்டும் பட்டியலில் இருக்கட்டும்.

கூடவே நாடு முழுதும் பொதுவான கூட்டு நடவடிக்கைச் சேனல்களையும் தனிப் பட்டியலாகப் போட்டு வையுங்கள். மெகாஹெர்ட்ஸில் சொன்னால் விகால்10 155.7525, யுகால்40 453.2125, 8கால்90 851.0125, இவை மூன்றும் அனலாக், கூடவே அடையாளத்துக்காக ஓடும் 156.7 ஹெர்ட்ஸ் டோன். 7கால்50 769.24375, இது பி25. மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கும். பெரிய தீ, வெள்ளம், புயல் என்று பல துறைகள் சேரும்போது முதலில் உயிர் வருவது இவற்றில்தான். டிரங்கிங் கோபுரம் விழுந்துவிட்டாலும் ரேடியோவிலிருந்து ரேடியோவுக்கு இவை ஓடும்.

தரவுத்தளம் வாரம் ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் அது உங்கள் ஃபேவரிட்ஸ் பட்டியலைத் தானாக மாற்றாது. கவுன்டி ஒரு கோபுரத்தைச் சேர்த்தாலோ கண்ட்ரோல் சேனலை மாற்றினாலோ நீங்கள்தான் கையால் திருத்த வேண்டும். கணினியிலிருந்து யுஎஸ்பியை உருவும் முன் எஜெக்ட் கொடுங்கள். அப்படியே பிடுங்கினால் எஸ்டி கார்டு கெட்டு, ஸ்கேனர் தொடங்கும்போதே நின்றுவிடும். பட்டியல் ஒழுங்காக வேலை செய்யும் நாளில் கார்டை முழுதாக ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.